ஹாப்டிக் கையுறையில் ஒரு விரல் மட்டும் அதிரவில்லை: என் அனுபவம்

விஆருக்காக (மெய்நிகர் உலகம்) நானே செய்த ஹாப்டிக் கையுறை, அதாவது அங்கே தொடுவதை அதிர்வாக உணரவைப்பது. விரலுக்கு ஒரு எல்ஆர்ஏ (உள்ளே ஒரு எடை முன்னும் பின்னும் ஆடி அதிரும் மோட்டார்), ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிஆர்வி2605எல் சிப். விஆரில் ஒவ்வொரு விரலாகத் தொட்டால் எல்லாம் சரி. பொருளை மொத்தக் கையால் இறுக்கிப் பிடித்ததும் ஆள்காட்டி விரல் செத்துவிடும், மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் உயிர் வரும்.

மோட்டாரை மாற்றினேன், விஆர் காட்சியை இயக்கும் யூனிட்டி மென்பொருளில், கை பொருளில் படுவதைக் கண்டறியும் பகுதியைத் திருப்பி எழுதினேன், புளூடூத்தை விட்டு யூஎஸ்பிக்குப் போனேன். ஒன்றும் நடக்கவில்லை, நாள்கள்தான் போயின.

அப்புறம்தான் கவனித்தேன், அந்த விரல் முழுக்கச் சாகவில்லை. அதிர்வு தொடங்கும்போது ஒரு 'டிக்', முடியும்போது இன்னொரு 'டிக்', நடுவில் அமைதி. மோட்டார் லேசாகச் சூடாகவும் இருந்தது. எல்ஆர்ஏவுக்குத் திசை மாறி மாறி வரும் மின்சாரம் வேண்டும், ஒரே திசையில் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் எடை ஒருபக்கம் தள்ளி அப்படியே நிற்கும். உடனே சிப்பின் ரெஜிஸ்டர்களை (அமைப்புகள் பதிவாகும் இடங்கள்) படித்துப் பார்த்தேன். எல்ஆர்ஏ என்று நான் 1 எழுதி வைத்த பிட் 0 ஆகியிருந்தது, அதாவது ஒரே திசை மின்சாரத்தில் ஓடும் சுழல் மோட்டாருக்கான அமைப்பு; சிப் ரீசெட் ஆனால் திரும்பும் ஆரம்ப நிலையும் அதுதான்.

ஐந்து மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து, நீளமான மெல்லிய கம்பியின் கடைசியில் இருந்த அந்தச் சிப் மட்டும் ரீசெட் ஆகியிருக்கிறது. சிப்புக்குப் பக்கத்திலேயே மின்னழுத்தச் சரிவைத் தாங்க 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, தடித்த கம்பி, ஒவ்வொரு விரலும் கிளம்புவதற்கு இடையே சில மில்லிநொடி இடைவெளி, அவ்வளவுதான். கூடவே அந்தப் பிட்டை அவ்வப்போது சரிபார்த்து, மாறியிருந்தால் திரும்ப எழுதவும் வைத்துவிட்டேன். இப்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஐந்து விரலும் அதிர்கின்றன.