சின்ன ஏரியில் மீன் ஏன் சாகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரிரு ஏக்கர் ரிசார்ட் ஏரியிலோ, பண்ணைவீட்டுக் குளத்திலோ, கல்லூரி வளாகக் குளத்திலோ மீன் செத்து மிதந்தால், 'யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்' என்றுதான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் பாசி ஆக்சிஜனைத் தண்ணீரில் சேர்க்கிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்கின்றன. அதனால் விடியற்காலை 4 முதல் 6 மணிக்குள் அளவு மிகவும் இறங்கிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்களுக்குக் கவலையில்லை. 3-க்குக் கீழே போனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

அப்படியிருந்தும் பல இடங்களில் நீரூற்றை மாலை 6 மணிக்குப் போட்டு, விருந்தினர் தூங்கப்போனதும் நிறுத்திவிடுகிறார்கள். மீனுக்கு அது வேண்டியது அதற்குப் பிறகுதான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஓடட்டும். டைமர் சுவிட்ச் ஒன்று வைத்தால் வேலை முடிந்தது. ஆழமான ஏரியில் அடியிலிருந்து காற்று விடும் கருவியைப் புதிதாகப் போட்டால், முதல் நாளே இரவு முழுக்க ஓட்டாதீர்கள். அடியில் தேங்கிய ஆக்சிஜனற்ற நீர் ஒரேயடியாக மேலே கலந்து மீனைக் கொல்லும். முதல் நாள் அரைமணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

அடுத்த தவறு, குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரக்கணக்கில் கொட்டுவது. தீவனமும் காற்றூட்டமும் வைத்து வளர்க்கும் பண்ணைக் கணக்கு, பொழுதுபோக்கு ஏரிக்குப் பொருந்தாது. பெரிதாகத் தீவனம் போடாத ஏரிக்கு, ஏக்கருக்கு 400 முதல் 800 குஞ்சு போதும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 4 பங்கு, நடுவில் மேயும் ரோகு 3 பங்கு, அடியில் மேயும் மிர்கால் 3 பங்கு என்று விட்டால் இரைக்கு ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. விரால் இருக்கும் ஏரியில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சை விடுவது விராலுக்குத் தீனி போடுவதுதான். பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடுங்கள். நண்பகலில் வேண்டாம்; காலை அல்லது மாலை நல்லது.

'ஒருமுறை விட்டால் தானாகப் பெருகும்' என்ற எண்ணம்தான் இருப்பதிலேயே பெரிய தவறு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வெள்ளம் ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் பெருகுவதில்லை. பிடிப்பது எவ்வளவு என்று பார்த்து ஆண்டுதோறும் புதுக் குஞ்சு விட்டாக வேண்டும். ஜிலேபிக் கெண்டையின் கதை நேர்மாறு. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பருவம் வந்துவிடும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். விளைவு, ஏரி நிறைய உள்ளங்கை அளவு மீன், இரைக்குப் போட்டி, எதுவும் வளராது. அந்த ஏரியில் பிடித்த ஜிலேபியைத் திரும்ப விடாதீர்கள். மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டுச் சிறியவற்றையும் எடுங்கள். விரால் கொஞ்சம் இருந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதே வேலைக்கென்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடவே கூடாது. இந்தியாவில் அதன் வளர்ப்புக்குத் தடை இருக்கிறது, ஏரியில் உள்ள மற்ற மீன்களையும் விட்டுவைக்காது. வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன 'டேங்க் கிளீனர்' மீனைக் கொண்டுவந்து விடுபவர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.

வருபவர்கள் போடும் பொரி, பிரெட், பிஸ்கட் எல்லாம் மீன் தின்றது போக அடியில் போய் அழுகும். அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவைக் கக்கும். தீவனம் போடுவதென்றால் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் தண்ணீரில் பாசியின் பச்சை அளவாக இருக்கிறது. மணிக்கட்டு மூழ்கியதுமே கை மறைந்தால் தீவனத்தை நிறுத்துங்கள். புல்தரைக்குப் போடும் உரம் மழையில் ஏரிக்கு வந்து சேர்கிறதா என்றும் கவனியுங்கள்.

செடி மண்டிவிட்டது என்று களைக்கொல்லி அடித்தால் எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் செத்து அழுகும்; பின்னாலேயே மீனும் சாகும். மூன்றில் ஒரு பங்காக, இரண்டு வார இடைவெளி விட்டு, ஆளை வைத்து வாரி எடுத்துக் கரையிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். ஓரத்தில் கொஞ்சம் செடி இருக்கட்டும், குஞ்சுக்கு அதுதான் மறைவிடம். நீருக்குள் மண்டும் வேலம்பாசிச் செடிக்குப் புல் கெண்டை உதவும். ஆகாயத்தாமரையை அது சீந்தாது.

தண்ணீர் கலங்கினால் உடனே சுண்ணாம்பு தூவும் பழக்கம் பலருக்கு உண்டு. முதலில் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். பாருங்கள். 7-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விவசாயச் சுண்ணாம்புத் தூள் போடலாம். 8.5 தாண்டிய தண்ணீரில் தேவையில்லை. மீன் இருக்கும்போது சுட்ட சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். பி.எச். சட்டென்று ஏறினால் அதுவரை பெரிய தீங்கு செய்யாமலிருந்த அம்மோனியாவும் நஞ்சாகும்.

கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழையும், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மேகமூட்டமும் மிகவும் ஆபத்தான நேரம். அந்த நாட்களில் தீவனம் வேண்டாம், இரவு முழுக்கக் காற்றூட்டம் வேண்டும்.

அப்படியும் மீன் மிதந்தால் எது செத்தது என்று பாருங்கள். பெரிய கட்லாவும் ரோகுவும் அதிகாலையில் செத்து, விராலும் தேளியும் பிழைத்திருந்தால் அது ஆக்சிஜன் பிரச்சினை. இவை இரண்டும் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. சிறிது பெரிது, விரால் தேளி என்ற வித்தியாசம் இல்லாமல் நடுப்பகலில் செத்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள். தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆக்சிஜன்தான் என்றால் மோட்டாரை எடுத்து ஏரித் தண்ணீரையே மேலே பீய்ச்சி விழவிடுங்கள். போர்வெல் தண்ணீரை நேராகக் குழாய் வழியே உள்ளே விட்டால் பயனில்லை, அதில் ஆக்சிஜன் குறைவு. செத்த மீனை அன்றைக்கே வாரி, கரைக்கு வெளியே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.