விர்ச்சுவல் மெஷினில் நெட் போனால் செய்யக்கூடாத தவறுகள்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வி.எம். (விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), இன்று காலை திறந்தால் நெட் இல்லை. உடனே கை செட்டிங்ஸுக்குப் போகும். நேட் முறையை (ஹோஸ்ட்டின், அதாவது வி.எம். ஓடும் நிஜக் கணினியின், முகவரி வழியாக வெளியே போவது) பிரிட்ஜ்டு (வி.எம். நேராக வெளி நெட்வொர்க்கில் சேர்வது) ஆக்குவது, அடாப்டர் வகையை மாற்றுவது, கெஸ்ட்டுக்குள் (வி.எம்-மில் ஓடும் சிஸ்டத்துக்குள்) ஐபியைக் கையால் போடுவது, ஃபயர்வாலை அணைப்பது, ரீஸ்டார்ட் செய்வது என்று அரை மணி நேரத்தில் ஏழெட்டு மாற்றங்கள் நடந்துவிடும். அதில் ஒன்று பழைய கோளாறைச் சரிசெய்திருக்கலாம், இன்னொன்று புதுக் கோளாறைக் கொண்டுவந்திருக்கலாம், எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பாக்கெட் (நெட்டில் போகும் தரவுத் துண்டு) எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும் வரை எதையும் மாற்றாதீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வி.எம். ஓட்டும் மென்பொருளான விஎம்வேரில் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு நெட் இல்லை என்று அடாப்டரை இ1000 வகையிலிருந்து விஎம்எக்ஸ்நெட்3-க்கு மாற்றுகிறீர்கள். உள்ளே இஎன்எஸ்33 என்று இருந்த கார்டின் பெயர் இப்போது இஎன்எஸ்160 ஆகிவிடலாம். நெட்வொர்க் கோப்பில் பழைய பெயர்தான் எழுதியிருக்கும், ஆகவே புதுக் கார்டுக்கு ஐபியே வராது. முதலில் இருந்தது வெறும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) பிரச்சினையாகக்கூட இருந்திருக்கலாம், இப்போது ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

சரி, எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது? படிப்படியாகப் போங்கள். முதலில் ஹோஸ்ட்டில் நெட் இருக்கிறதா என்று பாருங்கள், இதைப் பார்க்காமலே வி.எம்-மோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய. அப்புறம் வி.எம். செட்டிங்ஸில் கேபிள் இணைக்கப்பட்டதாக டிக் இருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் கெஸ்ட்டின் ஐபி முகவரி. அது 169.254 என்று ஆரம்பித்தால் ஐபி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை, கெஸ்ட் தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று அர்த்தம், இந்த நிலையில் டிஎன்எஸ்ஸை நோண்டிப் பயனில்லை. நல்ல ஐபி இருந்தால் கேட்வேக்கு (வெளியே போகும் வாசலுக்கு) பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), அது வந்தால் கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8-க்கு பிங், அதுவும் வந்தால் ஒரு தளத்தின் பெயருக்கு பிங். எண்ணுக்குப் போய் பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், வேறெங்கும் தேட வேண்டாம். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் ஆகாது.

ஆனால் பிங்கை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் தவறு. விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கிறது. ஹோஸ்ட்டிலிருந்து விண்டோஸ் கெஸ்ட்டுக்கு பிங் போகவில்லை என்பதால் நெட்வொர்க் அறுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குத் திருப்பிப் பாருங்கள், அல்லது திறந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு போர்ட்டுக்கு இணைத்துப் பாருங்கள்.

அடுத்தது, முறைகளைக் குழப்பிக்கொள்வது. விர்ச்சுவல்பாக்ஸில் சாதாரண நேட் முறையில் வைத்த இரண்டு வி.எம்-களைத் திறந்து பாருங்கள், இரண்டுமே 10.0.2.15 என்று காட்டும். இது கோளாறு இல்லை. ஒவ்வொரு வி.எம்-க்கும் தனியாக ஒரு குட்டி ரவுட்டர் கொடுத்தது போன்ற அமைப்பு அது, ஒன்றுக்கொன்று தெரியாது, ஹோஸ்ட்டிலிருந்தும் நேராக உள்ளே போக முடியாது. வெளியே போவதற்கு மட்டும் அது போதும். இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் நேட் நெட்வொர்க் என்று தனியாக இருக்கும் முறைக்கு மாறுங்கள், ஹோஸ்ட்டிலிருந்து உள்ளே போக வேண்டுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் (ஹோஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதை வி.எம்-க்குத் திருப்புவது) போடுங்கள் அல்லது ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் (ஹோஸ்ட்டோடு மட்டும் பேசும் கார்டு) ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். விஎம்வேர் நேட் முறையில் கேட்வே 2 என்று முடியும், ஹோஸ்ட்டின் முகவரிதான் 1. கையால் ஐபி போடுகிறவர்கள் பழக்கதோஷத்தில் கேட்வேக்கு 1 என்று போட்டுவிட்டு நெட் வரவில்லை என்று தேடுவார்கள். விண்டோஸின் ஹைப்பர்-வியில் இயல்பாக வரும் டிஃபால்ட் ஸ்விட்ச் இன்னொரு பொறி: ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்தால் அதன் முகவரி வரம்பே மாறிவிடலாம், ஆகவே அதில் நிலையான ஐபி போட்டால் ஒரு நாள் காலையில் கண்டிப்பாக உதைக்கும். நிலையான ஐபி வேண்டுமென்றால் தனி ஸ்விட்ச் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ்டு முறையைச் சர்வரோக நிவாரணியாக நினைப்பதும் அப்படித்தான். எந்தக் கார்டின் மேல் பிரிட்ஜ் என்பதை தானியங்கியாக விட்டால், லேப்டாப்பில் உள்ள கேபிள் கார்டு, வைஃபை, விபிஎன் போட்டு வைத்த போலி அடாப்டர் ஆகியவற்றில் தவறானதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வைஃபையில் இன்னொரு சிக்கல். அக்சஸ் பாயிண்ட் தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருவதை மட்டும்தான் ஏற்கும், வி.எம்-மின் மேக் வேறாக இருப்பதால் லினக்ஸின் சாதாரண பிரிட்ஜ் வைஃபை மேல் வேலை செய்யாது. விஎம்வேரும் விர்ச்சுவல்பாக்ஸும் மேக்கை மாற்றி எழுதிச் சமாளிக்கின்றன, அது எல்லா இடத்திலும் ஒத்துவருவதில்லை. அலுவலக நெட்வொர்க்கில் ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் என்று ஸ்விட்ச்சில் கட்டுப்பாடு வைத்திருந்தால், பிரிட்ஜ்டு போட்டதும் உங்கள் ஹோஸ்ட்டின் இணைப்பும் சேர்ந்தே போகலாம். அங்கே நேட்தான் நல்லது.

இனி குளோன், அதாவது ஒரு வி.எம்-மின் அச்சுப் பிரதி. இதில் நான் ஒரு முழு மதியத்தை இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிலையான ஐபி உள்ள ஒரு லினக்ஸ் வி.எம்-மை குளோன் எடுத்து, இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் ஓடவிட்டேன், குளோனின் ஐபியை மாற்ற மறந்துவிட்டேன். எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து மெஷினுக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போனால் சில நிமிடம் நன்றாக ஓடும், திடீரென்று உறைந்து நிற்கும். மறுபடி போனால் சரியாக உள்ளே விடும். ஆனால் பத்து நிமிடம் முன்பு ஹோம் ஃபோல்டரில் நான் வைத்த கோப்பைக் காணோம். டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், ஒரே ஐபிக்கு ஒரு முறை இந்த மெஷினும் இன்னொரு முறை அந்த மெஷினும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. வேறு மெஷினுக்குப் போனால் எஸ்எஸ்எச் எச்சரிக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். குளோன் எடுக்கும்போது மெஷினை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகளும் சேர்ந்தே பிரதியாகிவிட்டன, மெஷின் பெயரும் அதேதான், ஆகவே எச்சரிக்கை வர வழியே இல்லை. கடைசியில் என் கணினியின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) இரண்டு முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது: அதே ஐபி, ஆனால் மேக் முகவரியின் கடைசி எண்கள் மட்டும் மாறியிருந்தன.

ஆகவே குளோன் எடுத்தால் புது மேக் முகவரி, புது ஐபி, புது மெஷின் பெயர், புது எஸ்எஸ்எச் சாவிகள், இவை நான்கையும் நெட்வொர்க்கில் விடும் முன்பே மாற்றுங்கள். டிஎச்சிபி வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உபுண்டு சர்வரின் புதிய பதிப்புகள் டிஎச்சிபி சர்வரிடம் தங்களை அடையாளம் காட்ட மேக்குக்குப் பதிலாக மெஷின்-ஐடியிலிருந்து (மெஷினின் அடையாள எண் இருக்கும் கோப்பு) உருவாக்கிய ஒரு எண்ணைக் கொடுக்கின்றன. மேக் வேறாக இருந்தாலும் மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டு குளோனுக்கும் ஒரே ஐபி வந்து விழும். குளோனில் அந்த மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் புது அடையாளம் உருவாகிவிடும். விண்டோஸில் இதற்கு ஒரு தம்பி உண்டு: வி.எம்-மை இடம் மாற்றியபின் நிலையான ஐபி போட்டால் "இந்த முகவரி வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே உள்ளது" என்று சொல்லும். அந்தப் பழைய கார்டு கண்ணுக்குத் தெரியாமல் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள்.

பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் (முன்பு சேமித்து வைத்த வி.எம். நிலைக்கு) திரும்பியதும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க்கைத் தொடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் மாதக்கணக்கில் பின்னால் நின்றால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாமல் போகும், பிங் மட்டும் நன்றாக வரும்.

கெஸ்ட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டு ஹோஸ்ட்டை மறந்துவிடுவது இன்னொரு பெரிய தவறு. விண்டோஸ் ஹோஸ்ட்டில் விஎம்வேரின் நேட் சேவையும் டிஎச்சிபி சேவையும் ஓடுகின்றனவா என்று சர்வீசஸ் பட்டியலில் பாருங்கள். லினக்ஸின் கேவிஎம் என்றால் டிஃபால்ட் என்ற நெட்வொர்க் ஓடுகிறதா, தானாக ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதே ஹோஸ்ட்டில் சமீபத்தில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவினீர்களா? ஃபயர்வாலில் ஹோஸ்ட் வழியாகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்டு செயினின் (விதித் தொடரின்) கொள்கையை டாக்கர் ட்ராப் (தூக்கிப்போடு) என்று மாற்றிவிடலாம், அதனால் பிரிட்ஜ் மேல் ஓடும் கேவிஎம் வி.எம்-களின் பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழலாம். உள்ளே எல்லாம் சரியாக இருக்கும், வெளியே மட்டும் போகாது. ஃபயர்வாலையே அணைத்துவிடாமல், டாக்கர்-யூசர் செயினில் அந்த பிரிட்ஜுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஹோஸ்ட்டில் விபிஎன் ஓடினால் எம்டியூவையும் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சந்தேகியுங்கள். பிங் வரும், லாகின் ஆகும், ஆனால் பெரிய பக்கமோ கோப்போ பாதியில் நிற்கும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் அளவில் ஒரு பிங் அனுப்புங்கள், தலைப்பு 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். அது போகாமல் 1300 போனால் காரணம் தெரிந்துவிட்டது, கெஸ்ட் கார்டின் எம்டியூவைக் குறைத்துவிடுங்கள்.

விஎம்வேரின் நெட்வொர்க் எடிட்டரில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ஒரு பொத்தான் இருக்கிறது, பல நேரம் அது உண்மையிலேயே உதவும். ஆனால் நீங்கள் உருவாக்கிய நெட்வொர்க்குகளும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளும் அதோடு போய்விடும். அழுத்தும் முன் அந்தத் திரை ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.