நாலாம் இரவில் தொடங்கிய வேர்வை

எனக்கு 43 வயதில் கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த நாலாம் இரவு, நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறியது. ஃபேன் முழு வேகத்தில் சுழன்றும் தலையணை உறை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. கொழும்புப் புழுக்கம் என்றே முதலில் நினைத்தேன். அப்புறம் நித்திரை போனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. சூலகங்கள் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன், வழமையாக மாதவிடாய் நிற்கும் காலத்தில் சில வருடங்களில் மெல்லக் குறையும்; சூலகங்களை எடுத்தால் சில நாட்களிலேயே விழுந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது இதை யாரும் சொல்லவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஆறு வாரம் பொறுத்தேன். பொறுத்திருக்கத் தேவையே இல்லை. வேறொரு டொக்டர், மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ முன்பு இருந்ததா என்று விசாரித்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதினார். கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்கக் கூடவே கொடுக்கிற புரொஜெஸ்டரோன் ஹோர்மோன், கர்ப்பப்பை இல்லாததால் எனக்கு வேண்டாமாம். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களுக்குச் சிலவேளை அதுவும் வேண்டியிருக்கும். குளிசையைவிடத் தோல் வழியாகப் போவதில் இரத்தம் உறையும் ஆபத்து குறைவு. குளித்து, துவாயால் நன்றாகத் துடைத்து, தொடையில் தடவி, காயும்வரை உடுப்புப் படாமல் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம், விடியும்வரை நித்திரை கொண்டேன். எலும்புக்காகவும் இதயத்துக்காகவும், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் சராசரி வயதான 51 வரையாவது தொடரச் சொல்லியிருக்கிறார். பின்னேரங்களில் அக்காவோடு மரைன் டிரைவில் நடக்கிறேன்.