பீரோவில் தூங்கும் லென்ஸ்: அறுபதைத் தாண்டிக் கேமரா வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கைக்கு வந்த பணத்தில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் ஒரு பெரிய டெலி லென்ஸ் வாங்கினேன். லென்ஸ் மட்டும் இரண்டேகால் கிலோ. கேமராவையும் சேர்த்தால் மூன்றுக்கு மேல். முதல் மாதம் சிங்காநல்லூர் குளத்துக்கு விடிகாலையில் மூன்று தடவை தூக்கிப் போனேன். அடுத்த மாதம் ஒரு தடவை. அப்புறம் அது பீரோவில் வேட்டி அடுக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. "ஏனுங்க, அதென்ன பீரோவுக்குக் காவலா?" என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து நடைப்பயிற்சி நண்பர்கள் யாராவது கேமரா வாங்கப் போகிறேன் என்றால் நானும் கூடவே கிளம்பிவிடுகிறேன். பார்த்தவரை, நம் வயதுக்காரர்கள் வழுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்து எடையை முடிவு செய்வது முதல் இடம். அங்கே ஏசி இருக்கும், புதுப்பொருள் வாங்கும் உற்சாகம் வேறு. எதுவும் கனக்காது. கணக்கைப் பாருங்கள்: நிக்கான் டி850 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பேட்டரியோடு சுமார் ஒரு கிலோ, அதில் போடும் 200–500 மி.மீ. லென்ஸ் 2.3 கிலோ. கேனன் ஆர்10 பாடி 429 கிராம், அதற்கான 100–400 மி.மீ. லென்ஸ் 635 கிராம். இரண்டும் சேர்ந்தே ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. ஆர்10-இன் சென்சார் (உள்ளே படம் பதியும் சில்லு) சிறியது என்பதால் அதில் 400 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 640 மி.மீ. காட்டுகிற அளவுக்குப் பறவையைக் கிட்டே கொண்டுவரும். ஆனால் எடை குறைந்தது சும்மா இல்லை. அந்த லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப்8-தான் கிடைக்கும், அதாவது வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே போகும். குளக்கரை வெயிலில் கூழைக்கடாவுக்கு அது தாராளம். டாப்சிலிப் மர நிழலில் கருமந்தியை எடுக்கப் போனால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) கண்டபடி ஏறி, படம் பொரிபொரியாக வரும். எதை அதிகம் எடுக்கிறீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். மூன்று கிலோ அரிசியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, தினமும் நடக்கும் தூரத்தை நடந்து பாருங்கள்.

கண்ணைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். வெள்ளெழுத்து வந்தவருக்குப் பின்பக்கத் திரையில் மெனு படிக்கக் கண்ணாடி வேண்டும், தூரத்துக் கொக்கைப் பார்க்க வேண்டாம். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, கொக்கு போய்விடும். அதனால் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இல்லாத கேமரா எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாது. வியூஃபைண்டர் ஓரத்தில் டயாப்டர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். பத்து வருஷமாகக் கேமரா வைத்திருப்பவர்களில்கூடப் பலர் அதைத் தொட்டதே இல்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி, உள்ளே கீழ்வரிசையில் தெரியும் எண்கள் துல்லியமாகும்வரை அதைத் திருக வேண்டும். "ஃபோகஸ் போச்சு, லென்ஸ் கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வந்த இரண்டு பேருக்கு வைத்தியம் அவ்வளவுதான்.

அந்தத் திருகுக்கும் எல்லை உண்டு. கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் எழுதியிருந்தால் டயாப்டரால் அதைச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும். அப்போது கண் வியூஃபைண்டரிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும், சில கேமராக்களில் நான்கு மூலையும் தெரியாது. எனவே உங்கள் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலேயே மூலைகளை எண்ணிப் பாருங்கள். கண்புரை அறுவை செய்யப் போகிறவர்கள் அதை முடித்துவிட்டு வாங்கினால் நல்லது. பவர் மாறிவிடும். கண்ணுக்குள் மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்ப் புதியது வந்ததும் நீலமும் வெள்ளையும் வேறு மாதிரி தெரியும். பழைய படங்களில் நிறத்தை இப்படியா திருத்தி வைத்தோம் என்று நானே திகைத்திருக்கிறேன்.

யாரிடம் யோசனை கேட்கிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. ஊரில் கேமரா தெரிந்தவர் என்றால் கல்யாணப் போட்டோகிராபர்தான். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் பிழைப்பு வேறு. இருட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்து ஆல்பம் போட வேண்டியவர் ஃபுல் ஃப்ரேம் வாங்கு, 45 மெகாபிக்சல் வாங்கு என்று சொல்லத்தான் செய்வார். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். வீட்டுச் சுவருக்கு அது போதாதா? பேரன் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பணத்தில் பெரும்பகுதியைப் பாடியில் போட்டுவிட்டு, மிச்சத்தில் வந்த லென்ஸை வாங்குவதும் இதே ரகம். பாடி சில வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். எந்த லென்ஸ் என்பதற்கு உங்கள் பழைய படங்களே சாட்சி. கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தால் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று இருக்கும். போன வருஷப் படங்களில் பிடித்ததாக ஐம்பதைப் பொறுக்கி அந்த எண்ணை எழுதுங்கள். நான் எழுதியபோது முப்பதுக்கு மேல் 35-இலும் 50-இலும் நின்றன. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளைகளும் அவற்றைப் பிடித்து நிற்கும் மனிதர்களும்தான் பாதிப் படம். பறவைக்காரன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

ராத்திரி நடக்கும் வள்ளி கும்மிக்குப் போகிறவர்கள் பாடியோடு வரும் ஜூம் லென்ஸை நம்ப வேண்டாம். எஃப்1.8 உள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் ஒளி பல மடங்கு கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கை நடுக்கத்துக்கு ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், ஆடுகிறவர்களை இல்லை. அப்புறம் எல்ஈடி விளக்கின் கீழே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண ஷட்டரில் 1/50, 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் வீட்டில் இருப்பவர்கள் "அதே கம்பெனிதானே, பொருந்தும்" என்று நம்பி வாங்குகிறார்கள். மாட்டிக்கொள்வது வேறு, வேலை செய்வது வேறு. நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) 1959-இல் வந்தது. ஆனால் ஏஎஃப்-டி என்ற பழைய ஆட்டோஃபோகஸ் வகை லென்ஸ்களை ஓட்டும் மோட்டார் டி3500, டி5600 போன்ற பாடிகளில் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 2018-இல் வந்த இசட் மவுண்ட் கேமராவில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் இவற்றுக்கு அதே கதிதான். கேனன்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1987-இலிருந்து வந்த ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டரோடு புது ஆர் வரிசைக் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் செய்யும். அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸ் என்றால் கையால்தான்.

ஆடி மாதக் காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது என்றால் புழுதியையும் சுற்றும். அங்கே நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி உட்காரும். வெளியூர் சுற்றுவதற்கு 18–140 மி.மீ. போல ஒரே லென்ஸ் போதும்.

கடைசியாக, பழைய சாமான். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபிறகு, அது உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் செட்டுகள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. பென்ஷன்காரர்களுக்கு அதில் தவறே இல்லை, பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி750-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாண வேலையில் ஓடிய பாடி அதைச் சீக்கிரமே எட்டிவிடும். லென்ஸின் மூடிகளைத் திறந்து பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை மாதிரி மழை ஊரிலிருந்து வந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள். வாங்கியபின் தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு 40–50 சதவீதத்தில் வைத்தால் போதும்.

என் பெரிய லென்ஸைப் போன வருஷம் விற்றேன். வாங்க வந்த பையன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். முன் கண்ணாடியின் ஓரத்தில், உள்பக்கம், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை நூல். "ரொம்ப நாளா எடுக்கவே இல்லைங்களா?" என்று கேட்டான். விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன்.