டெபியனில் பல பொதிகள் சார்ந்திருக்கும் நிரலகத்தைப் புதுப்பிக்கும் முறை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நீங்கள் பராமரிக்கும் ஒரு நிரலகத்துக்கு (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிக்கு) புதிய பதிப்பு வந்திருக்கிறது என்றால், அது பைனரி அளவில் பழைய பதிப்போடு ஒத்துப்போகிறதா (பழையதோடு தொகுத்த நிரல்கள் மறுபடி தொகுக்காமலே இயங்குமா) என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பகிர்வு நிரலகம் ஒவ்வொன்றுக்கும் எஸ்ஓநேம் என்ற அடையாளம் உண்டு. ஒத்திசைவு முறியும்போது மூல உருவாக்குநர்கள் (நிரலகத்தை எழுதுபவர்கள்) அதிலுள்ள எண்ணை உயர்த்துவார்கள், அதற்கேற்ப டெபியன் பொதியின் (நிறுவும் வடிவிலான மென்பொருள் தொகுப்பின்) பெயரும் மாறும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகம் 1.1 வரிசையிலிருந்து 3 வரிசைக்குச் சென்றபோது லிப்எஸ்எஸ்எல்1.1 என்ற பொதிக்குப் பதிலாக லிப்எஸ்எஸ்எல்3 வந்தது இப்படித்தான். ஆனால் எண்ணைத் தொடாமலேயே ஒரு செயற்கூற்றை நீக்கிவிடும் உருவாக்குநர்களும் இருக்கிறார்கள். ஆகவே வெளியீட்டுக் குறிப்பை மட்டும் நம்பாமல், அபிடிஃப் கருவியைக் கொண்டு இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுவிடுங்கள். பொதியில், நிரலகம் வெளியே தரும் குறியீடுகளைப் பட்டியலிடும் சிம்பல்ஸ் கோப்பை ஒழுங்காகப் பேணி வந்திருந்தால், குறியீடு ஏதேனும் காணாமற்போகும்போது டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் கருவி பொதியாக்கத்தையே நிறுத்திவிடும்.

ஒத்திசைவு முறிந்திருந்தால் புதிய பதிப்பை, அன்றாட மாற்றங்கள் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளைக்கு நேராக அனுப்பக் கூடாது. சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டல் கிளைக்கே முதலில் அனுப்ப வேண்டும். பெயர் மாறிய பொதி, புதிய பொதிகளுக்கான நியூ வரிசையில் நின்று, களஞ்சியத்தை நிர்வகிக்கும் எஃப்டிபி மாஸ்டர்கள் பார்த்து அனுமதித்த பிறகே களஞ்சியத்துக்குள் நுழையும் என்பதால், அந்தக் காத்திருப்பு யாருடைய வேலையையும் தடுக்காத இடத்தில் கழிந்துவிடுவது நல்லது. உங்கள் கணினியில் இல்லாத கட்டமைப்புகளில் (செயலி வகைகளில்) அது சரியாகத் தொகுபடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து வருவதுதான் இந்தப் பணியின் பெரும்பகுதி. உங்கள் நிரலகத்தைக் கொண்டு தொகுக்கப்படும் பொதிகளின் பட்டியலை பில்ட்-ஆர்டெப்ஸ் கட்டளையால் எடுத்து, அவை அனைத்தையும் புதிய பதிப்போடு சேர்த்துத் தொகுத்துப் பாருங்கள். ராட் என்ற கருவி இதைத் தானே வரிசையாகச் செய்து, எவை தோற்றன என்று சொல்லும். தோற்ற பொதிகளை உடனே உங்கள் கணக்கில் எழுதிவிடாமல், பழைய பதிப்போடும் ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது அவசியம். வேறொரு காரணத்தால் முன்பே உடைந்து கிடக்கும் பொதிகள் அன்ஸ்டேபிளில் எப்போதும் சில இருக்கும். அவற்றையும் சேர்த்து வழு பதிந்தால், மற்ற பராமரிப்பாளர்கள் உங்கள் அறிக்கைகளைக் கவனிப்பதையே நிறுத்திவிடுவார்கள். உண்மையிலேயே உங்கள் மாற்றத்தால் உடைந்தவற்றுக்கு இம்பார்ட்டன்ட் நிலையில் வழு பதிந்து, முடிந்தவரை ஒட்டுநிரலையும் (பேட்ச்) இணைத்து அனுப்புங்கள். சார்ந்திருக்கும் பொதிகளின் எண்ணிக்கை ஒரு மாற்றத்தின் கடினத்தைக் காட்டாது என்பது என் கருத்து: ஒழுங்காகத் தொகுபடும் இருநூறு பொதிகளைவிட, மூல உருவாக்குநரும் பராமரிப்பாளரும் கைவிட்டுவிட்ட ஒரே ஒரு பொதி அதிக நாட்களைத் தின்றுவிடும்.

இந்தச் சோதனைகள் முடிந்தபின், ரிலீஸ்.டெபியன்.ஆர்க் என்ற போலிப்பொதியின்மீது (வெளியீட்டுக் குழுவுக்கான கோரிக்கைகளைப் பதியும் பெயர் அது), ரிப்போர்ட்பக் என்ற வழு பதியும் கருவி வழியாக, டிரான்சிஷன் (நிரலக மாற்றம்) கோரிக்கை ஒன்றைப் பதிய வேண்டும். எத்தனை பொதிகள் தேறின, எவை தோற்றன, அவற்றுக்கான வழு எண்கள் எவை, ஒட்டுநிரல்கள் தயாரா என்பன அதில் இருக்கட்டும். வெளியீட்டுக் குழு ஒப்புதல் தரும்வரை காத்திருப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. இரண்டு நிரலகங்கள் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டிருக்க, மூன்றாவது பொதி ஒன்று இரண்டையும் சார்ந்திருந்தால், இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒன்று முடியாமல் மற்றொன்றும், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளைக்குள் போக முடியாத நிலை ஏற்படும். வெளியீட்டுக் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வெளியான ட்ரிக்ஸி என்ற டெபியன் பதிப்புக்கு இத்தகைய மாற்றங்கள் 2025 மார்ச் 15 அன்றே உறையவைக்கப்பட்டன.

ஒப்புதல் கிடைத்ததும் அன்ஸ்டேபிளுக்கு அனுப்புங்கள். எல்லாக் கட்டமைப்புகளிலும் நிரலகம் தொகுபட்டு முடிந்த பிறகு, சார்ந்த பொதிகளை மூலத்தில் மாற்றமின்றி மறுபடி தொகுக்கும் பின்என்எம்யூ பணியை வெளியீட்டுக் குழு தொடங்கும்; பதிப்பெண்ணின் கடைசியில் +பி1 என்று சேர்ந்திருப்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். கட்டமைப்பு சாராத பொதிகளுக்கு இந்த வழி பயன்படாது. அவற்றை மூலத்தோடு மறுபடி ஏற்றியாக வேண்டும். நிலுவையில் உள்ள வழுக்கள் இப்போது சீரியஸ் நிலைக்கு உயர்த்தப்படும். பராமரிப்பாளரிடமிருந்து பதில் வராவிட்டால், அவருக்கு அவகாசம் தரும் தாமத வரிசையின் வழியாக நீங்களே திருத்தத்தை ஏற்றலாம்.

எஸ்ஓநேம் மாறாமலே பொதியின் பெயர் மட்டும் மாற வேண்டிய விதிவிலக்குகளும் உண்டு. 2038 ஜனவரி 19ஆம் நாளுக்குப் பிந்தைய நேரத்தை 32 பிட் கணினிகள் கையாளும்பொருட்டு, 2024இல் நேர மாறியை 64 பிட்டாக அகலப்படுத்தியபோது, மூலநிரல் அப்படியே இருந்தும் தொகுப்பு முறை மாறியதால் ஒத்திசைவு முறிந்தது. பாதிக்கப்பட்ட நிரலகப் பொதிகளின் பெயர்களில் டி64 என்ற பின்னொட்டு சேர்ந்தது அதனால்தான். கோ, ரஸ்ட் மொழி நிரல்களின் நிலை இன்னொரு வகை: அவற்றில் நிரலகம் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடுவதால், பாதுகாப்புத் திருத்தம் ஒன்று பயனரைச் சென்றடைய, எந்தப் பெயரும் மாறாதபோதும் அவற்றை மறுபடி தொகுக்க வேண்டியிருக்கிறது.

டெஸ்டிங்குக்குள் எவை நுழையலாம் என்று தீர்மானிக்கும் பிரிட்னி நிரல், தானியங்கிச் சோதனைகளின் முடிவுகளையும் பார்க்கும் என்பதால், தொகுபட்ட பொதியும் அங்கே தடுக்கப்படலாம். அதன் அறிக்கையை அவ்வப்போது படித்து வாருங்கள். கடைசிப் பொதியும் புதிய நிரலகத்துக்கு மாறும்வரை பழையதை டெஸ்டிங்கில் தற்காலிகமாக விட்டுவைக்கவும் வழி இருக்கிறது. பழைய பொதி அங்கிருந்தும் நீங்கிய பின்னரே கோரிக்கை வழுவை மூடலாம்.