சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது? கண்டுபிடிக்கும் வழி

ஒலிகளையெல்லாம் சரியாகச் சொன்ன பிறகும் வேற்றுமொழிக்காரர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டால், அழுத்தத்தைத்தான், அதாவது சொல்லின் எந்த அசையை மற்றவற்றைவிடத் தூக்கலாகச் சொன்னோம் என்பதைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படி 1: சொல்லை அசை பிரியுங்கள். யாப்பின் நேரும் நிரையும் இங்கே வேண்டாம். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். ஆங்கில 'பனானா'வில் மூன்று.

படி 2: வாயை மூடிக்கொண்டு அதே சொல்லை முனகுங்கள்: ம்-ம்ம்ம்-ம். எழுத்துகள் மறைந்து மேடு மட்டும் காதில் நிற்கும். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அழுத்தம் பெறும் அசை பெரும்பாலும் நீளும், சுருதியும் மாறும்.

படி 3: மொழிக்கு நிலையான விதி உண்டா என்று பாருங்கள். செக், ஹங்கேரியன், ஃபின்னிஷ் மூன்றிலும் முதல் அசை. போலிஷிலும் சுவாஹிலியிலும் பெரும்பாலும் கடைசிக்கு முந்தியது. இவை சுலபம்.

ஸ்பானிஷில் இடம் மாறினால் பொருளே மாறும். 'டெர்மினோ'வில் முதல் அசையை அழுத்தினால் 'கலைச்சொல்', நடுவில் அழுத்தினால் 'முடிக்கிறேன்', கடைசியில் 'முடித்தார்'. நல்லவேளையாக, பொது விதிக்கு மாறான இடங்களில் உயிரெழுத்தின் மேல் கோடு போட்டுவிடுகிறார்கள். ரஷ்ய மொழியின் அன்றாட அச்சில் அந்தத் தயவும் கிடையாது: 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு, எழுதுவது ஒரே மாதிரி. ஜப்பானியம் தனி ரகம், அங்கே சுருதிதான் எல்லாம். டோக்கியோ வழக்கில் 'ஹஷி' உயர்ந்து இறங்கினால் சாப்பிடும் குச்சி, தாழ்ந்து ஏறினால் பாலம்.

ஆங்கிலத்தில் விகுதி சேர்ந்ததும் அழுத்தம் நகரலாம். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். ஆகவே சொல்லைக் குறித்துக்கொள்ளும்போதே அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு இட்டுவிடுங்கள்.

படி 4: மற்ற அசைகளை அடக்குங்கள். என்னைக் கேட்டால், அழுத்துவதைவிட இதுதான் நமக்குக் கஷ்டம். தமிழில் குறிலோ நெடிலோ, அதற்குரிய மாத்திரையைக் கொடுத்தே பழகிவிட்டோம். ஆனால் அடக்கிச் சொல்லவும் நமக்குத் தெரியும்! 'பசு', 'காசு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முன்னதில் உகரம் முழுதாக ஒலிக்கிறது. பின்னதில் அரை மாத்திரையாகத் தேய்கிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான். அந்தத் தேய்மானத்தை அப்படியே 'பனானா'வின் முதல் அசைக்கும் கடைசி அசைக்கும் கொடுத்து, நடு 'னா'வை மட்டும் தாராளமாக நீட்டுங்கள். பிறகு ஆங்கிலம் பேசுபவரின் பதிவு ஒன்றைப் போட்டு ஒப்பிடுங்கள்.