பிளக் மாற்றிய பிறகு இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

நேற்று வரை நன்றாக ஓடிய கார் புது ஸ்பார்க் பிளக் போட்டதும் உதறுகிறது (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதுதான் மிஸ்ஸிங்) என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். அதனால் உடனே காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது) என்று காசைக் கொட்டாதீர்கள். 2024-க்கு முந்தைய ஸ்விஃப்ட் மாதிரி, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டியை வைத்துச் சொல்கிறேன்.

செக் இன்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும், அது விலை கூடிய சாமான்.

இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். முதலில் காயில் கனெக்டர்கள். ஒவ்வொன்றையும் 'டக்' சத்தம் வரும்வரை அழுத்தி, லேசாக இழுத்தும் பாருங்கள். பூட்டு உடைந்த கனெக்டர் சரியாக மாட்டியது போலவே தெரியும், ஆனால் இன்ஜின் அதிர்வில் விட்டு விட்டுத்தான் தொடும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருந்தால் அதைச் சுற்றியுள்ள ஹோஸ்களையும் பாருங்கள், பிறகு இன்ஜினை ஓடவிடும்போது 'உஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது.

சரி, எல்லாம் மாட்டியிருக்கிறது, இன்னும் உதறுகிறதா? ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) செருகுங்கள். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இன்ஜினை அணைத்து, அந்தக் காயிலை முதல் சிலிண்டர் காயிலோடு இடம் மாற்றி, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். இப்போது பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. மூன்றிலேயே நின்றால் இன்ஜினை அணைத்து ஆறவிட்டு அந்த பிளக்கைக் கழற்றுங்கள்.

வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, மேலிருந்து கீழே பென்சிலால் இழுத்தது போன்ற கறுப்புக் கோடோ இருந்தால் கரண்ட் பக்கவாட்டில் ஓடுகிறது என்று அர்த்தம், தூக்கிப் போடுங்கள். கீழே விழுந்த பிளக்கில் கேப் (முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) சுருங்கியிருக்கலாம். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து வண்டிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள், பார்ட் நம்பரையும் சேர்த்து. இரிடியம் பிளக் என்றால் அந்த மெல்லிய முனையை நெம்ப வேண்டாம், புதிதே வாங்குங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் டாப்பெட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பக்கம் சீல் போயிருக்கிறது.

திரும்ப மாட்டும்போது ராட்செட் வேண்டாம், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் விரலால் மட்டும் திருப்புங்கள். பிளக் ஏறும் இன்ஜின் ஹெட் அலுமினியம், மரை கோணலாக ஏறினால் பெரிய செலவு. விரல் இறுக்கத்துக்கு அப்புறம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பிளக் அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள்.

இதற்கும் அதே சிலிண்டர் மிஸ் ஆனால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்க வேண்டும், அது மெக்கானிக் வேலை. காயில் மாற்றிச் சோதித்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள், அதே வேலைக்கு இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.